தேயிலை இறங்கியது, பந்து இறங்கவில்லை

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம் மூணாறு. நூறு வருடங்களுக்கு முன்னால் அந்த மலையிலிருந்து போடிப் பக்கம் ஒரு கம்பிவடப் பாதை இறங்கியது என்று சொன்னால் இப்போது பலர் நம்பமாட்டார்கள். மூணாறில் பறித்துப் பதமாக்கிய தேயிலை, 1902-ல் போட்ட ஒற்றைத் தண்டவாள வண்டியிலும், 1908-லிருந்து குட்டி ரயிலிலும் டாப் ஸ்டேஷன் வரை வந்தது. அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கியது. பிறகு வண்டி ஏறிப் போடி, அப்புறம் தூத்துக்குடி, அப்புறம் கப்பலில் இங்கிலாந்து. 1924-ஆம் வருடத்துப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போகும்வரை இதுதான் வழி.

தேயிலை போட வந்த வெள்ளைக்காரத் துரைகள் எங்கே போனாலும் கூடவே ஒரு கிளப்பையும் கொண்டுபோனார்கள். கிளப் இருந்தால் விளையாட்டு இருக்கும். டென்னிஸ், கோல்ஃப், கிரிக்கெட், ரக்பி... தேயிலை மலையிறங்கி வந்த மாதிரி அந்த விளையாட்டுகளும் இறங்கி வந்தனவா? கிரிக்கெட் வந்தது (ரோப்வேயில் அல்ல, வேறு வழியில்!). ரக்பி வரவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் கபடி ஆடாத பையனைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ரக்பிப் பந்தைக் கையால் தொட்டுப் பார்த்த பையனைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம்.

ஆனால் அதே காலத்தில், அதே தேயிலை, அதே மாதிரித் துரைகள் இருந்த இன்னொரு மலையில் கதை வேறு மாதிரிப் போனது. கடலுக்கு அந்தப் பக்கம், கண்டியில்! அங்கே பந்து கிளப் வாசலைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. சின்னப் பையன்களில் யார் நன்றாக ஆடுவான் என்று கண்டுபிடித்து வளர்க்கும் ஒரு பழக்கம் அங்கே நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. அது எப்படி நடந்தது, அதில் யாரெல்லாம் விடுபட்டுப் போனார்கள் என்று பார்த்தால், கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது.

முதலில் ரக்பி தெரியாதவர்களுக்காக நாலு வரி. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். ஒரு அணிக்கு 15 பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் தூக்கிப் போடுவதென்றால் பின்பக்கம் அல்லது பக்கவாட்டில்தான் போடவேண்டும், முன்னால் போடக்கூடாது. பந்தோடு ஓடுகிறவனை எதிரணி இடுப்பையோ காலையோ பிடித்துச் சாய்க்கலாம். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது 'ட்ரை'. இப்போது அதற்கு 5 புள்ளி. (ஆரம்பத்தில் ட்ரைக்குப் புள்ளியே கிடையாது. கோல் உதைத்துப் பார்க்க ஒரு முயற்சி கிடைக்கும், அவ்வளவுதான். அதனால்தான் அந்தப் பெயர்.)

இந்த விளையாட்டே ஒரு பள்ளிக்கூடத்தில் பிறந்ததுதான். இங்கிலாந்தின் ரக்பி ஸ்கூல். 1823-ல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் கால்பந்து ஆடும்போது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினான் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். அதற்குச் சரியான ஆதாரம் கிடையாது. ஆதாரம் இருக்கிற விஷயம் இதைவிடச் சுவையானது. 1845-ல் இந்த ஆட்டத்தின் விதிகளை முதன்முதலில் எழுதி வைத்தவர்கள் அந்தப் பள்ளியின் மாணவர்களே. வாத்தியார்கள் அல்ல!

இனி கண்டிக்குப் போவோம்.

லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்பவர் இலங்கையின் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். கண்டி ட்ரினிட்டி கல்லூரியின் பழைய மாணவர். (இலங்கையில் 'கல்லூரி' என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான், குழம்பவேண்டாம்.) அவர் 1891-ல் கண்டியில் தொடங்கிய சிறிய பள்ளிதான் பின்னாளில் கிங்ஸ்வுட் கல்லூரி ஆனது. தொடங்கும்போது இருந்த மாணவர்கள் 11 பேர். ஒரு ரக்பி அணிக்கே 15 பேர் வேண்டும்! ஆனாலும் அந்த வருடமே பிளேஸ் தன் பையன்களுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இலங்கையின் பள்ளிக்கூட ரக்பி வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு 12 வருடம் முன்பே, 1879-ல், கொழும்பில் வெள்ளைக்காரர்களின் கிளப் ரக்பி தொடங்கியிருந்தது. ஆனால் கிளப்பில் ஆடியவர்கள் எல்லாம் ஏற்கனவே இங்கிலாந்தில் கற்றுக்கொண்டு வந்தவர்கள். கிளப்பில் புதிதாக யாரும் உருவாக வேண்டிய அவசியம் இல்லை. கப்பல் வந்தால் ஆட்டக்காரர் வந்துவிடுவார்.

பள்ளியில் அப்படி முடியாது. வருடா வருடம் பெரிய பையன்கள் படிப்பை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த வருடத்துக்கு ஆள் வேண்டுமென்றால் கீழ் வகுப்பிலிருந்து யாரையாவது தயார் செய்தே ஆகவேண்டும். 'இளம் வீரர்களைக் கண்டறிதல்' என்று இன்று பெரிய பெயர் வைத்துப் பேசுகிறோமே, அதன் ஆரம்பம் இந்தச் சாதாரணத் தேவைதான்.

1906-ல் கிங்ஸ்வுட்டும் ட்ரினிட்டியும் மோதின. இலங்கையில் இரண்டு பள்ளிகளுக்கு இடையே நடந்த முதல் ரக்பி ஆட்டம் அது. முடிவு 6-6, சமநிலை. அப்போது ட்ரினிட்டியின் அதிபர் அலெக்சாண்டர் கார்டன் பிரேசர். அவருடைய காலத்தில் அந்தப் பள்ளியின் முக்கிய விளையாட்டுகளில் ஒன்றாக ரக்பி வளர்ந்தது. 1920-ல் கொழும்பு ராயல் கல்லூரியோடு ட்ரினிட்டி முதல்முறையாக ஆடியது. ஒன்று தலைநகரின் அரசுப் பள்ளி, இன்னொன்று மலைநாட்டின் மிஷன் பள்ளி. போட்டி சூடு பிடிக்க இது போதாதா?

ராயல் கல்லூரியின் அதிபராக இருந்த பிராட்பி, ஊருக்குத் திரும்பும் சமயத்தில் இந்த ஆட்டத்துக்கென்று ஒரு கேடயம் கொடுத்தார். 1945-லிருந்து அது 'பிராட்பி கேடயம்'. வருடத்துக்கு இரண்டு ஆட்டம், ஒன்று கொழும்பில், ஒன்று கண்டியில். இரண்டின் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்து யார் அதிகமோ அவர்களுக்குக் கேடயம். தேசிய அணி ஆடும் ஆட்டத்துக்கு வராத கூட்டம் இந்தப் பள்ளிக்கூட ஆட்டத்துக்கு வரும் என்று இலங்கைக்காரர்கள் பெருமையாகவும் கொஞ்சம் வருத்தமாகவும் சொல்வதுண்டு.

இந்தக் கேடயம் என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் கொடியைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட பஸ்ஸில் ஆட்டம் பார்க்கப் போகிறான். எட்டு வருடம் கழித்து இதே மைதானத்தில் இதே ஆட்டம் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவனுடைய அண்ணன் ஆடினான், மாமா ஆடினார். பள்ளிக்குள்ளேயே ஹவுஸ் ஆட்டங்கள், அப்புறம் சின்ன வயதுப் பிரிவு அணிகள், அப்புறம் முதல் அணி. பழைய மாணவர்கள் மாலையில் வந்து பயிற்சி கொடுப்பார்கள். ட்ரினிட்டியில் விளையாட்டில் மிகச்சிறந்து விளங்குபவருக்கு 'ட்ரினிட்டி சிங்கம்' என்ற விருது உண்டு. எல்லா வருடமும் கிடைத்துவிடாது, அதனால்தான் அதற்கு மதிப்பு. ஆக, அங்கே 'தேர்வு நாள்' என்று தனியாக ஒன்று பெரிதாக இல்லை. எட்டு வருடமும் தேர்வுதான். இன்று தடுமாறுகிறவன் அடுத்த வருடம் உயரமாகி வந்து நிற்பான், யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ராயல் கல்லூரி வழியாக வந்தவர்களில் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு பெயர் சும்மா நவரத்தினம். 1950-களில் ஆசியாவின் வேகமான ஓட்டக்காரர்களில் ஒருவர். அதே கால்களோடு இலங்கை ரக்பி அணியிலும் ஆடினார். 1950-ல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி ஊர் திரும்பும் வழியில் கொழும்பில் ஆடியபோது எதிரணியில் இருந்தவர். பெயர்தான் சும்மா, ஓட்டம் சும்மா இல்லை :-)

பெரிய பள்ளிகள் மட்டும்தானா என்றால், முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. கொழும்பில் 1952-ல் தொடங்கிய அரசுப் பள்ளியான இசிபதன, பிறகு ரக்பியில் இறங்கி, பழைய மிஷன் பள்ளிகளையெல்லாம் தோற்கடிக்கும் அணியாக வளர்ந்தது. நூறு வருடப் பாரம்பரியம் இல்லாவிட்டாலும் வருடா வருடம் ஆட்டம் கிடைத்தால் பையன்கள் வந்துவிடுகிறார்கள் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. இப்போது அடுத்த பக்கம்.

கண்டியைச் சுற்றி என்ன இருக்கிறது? தேயிலைத் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களில் யார் இருந்தார்கள்? 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போன கூலிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மேட்டிலும் பள்ளத்திலும் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கால் பலத்துக்கா குறைச்சல்? ஆனால் தோட்டப் பள்ளிக்கூடம் என்றால் பெரும்பாலும் ஒரு அறை, ஒரு ஆசிரியர், சில வகுப்புகளோடு படிப்பு முடிந்துவிடும். ட்ரினிட்டியின் மைதானத்துக்கும் அந்த லயத்து வாசலுக்கும் சில மைல்தான் தூரம். ஆனால் அந்தப் பிள்ளைகளைப் பார்க்க யாரும் போகவில்லை. பிராட்பி கேடயம் தொடங்கிய மூன்றாவது வருடம், 1948-ல், இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நாட்டின் கணக்கிலேயே இல்லாத பிள்ளை ரக்பி அணியின் கணக்கில் எப்படி வருவான்? கொழும்புத் தமிழரான நவரத்தினத்துக்குக் கிடைத்த மைதானம், மலையகத் தமிழனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் பேசியது ஒரே மொழிதான்.

திறமையைக் கண்டறிவதில் கண்டி காட்டிய வழி நல்ல வழி. கண் திறந்து பார்த்த இடம்தான் குறுகலாக இருந்தது.

இந்தியாவில் நடந்தது இன்னொரு மாதிரி. இங்கே ரக்பி இலங்கைக்கு முன்பே வந்துவிட்டது. 1872 கிறிஸ்துமஸ் தினத்தன்று கல்கத்தாவில் முதல் ஆட்டம். ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள் 20 பேர், மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் 20 பேர். அடுத்த மாதமே கல்கத்தா ஃபுட்பால் கிளப் பிறந்தது. ஆனால் ஐந்தாறு வருடத்துக்குள் ஆட்டக்காரர்கள் குறைந்துபோனார்கள். வெயிலைக் காரணம் சொல்வார்கள், டென்னிசையும் போலோவையும் சொல்வார்கள். கிளப்பில் இலவசமாக ஊற்றிய சாராயத்தை நிறுத்தியதும் கூட்டம் கலைந்தது என்றும் ஒரு பேச்சு உண்டு. கடைசியில் வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாகப்பாம்புகள் கைப்பிடி, மூடியின் மேல் ஒரு யானை. அதுதான் 'கல்கத்தா கோப்பை'. 1879-லிருந்து இன்றுவரை இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக ஆடுகின்றன.

பணத்தைக் கோப்பையாக்கி அனுப்பியதற்குப் பதில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாலு பந்து வாங்கிக் கொடுத்திருந்தால்? 1870-களின் கல்கத்தாவில் அப்படி யாரும் யோசித்திருக்கமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் கோப்பை போனபோது பின்னால் விட்டுப்போக ஒரு பையன்கூட இல்லை என்பதும் உண்மை.

அதே கல்கத்தாவில் 2004-ல் ஒரு மாற்றம். பிரிட்டிஷ் தூதரக வேலைக்காக வந்த பால் வால்ஷ் என்பவர் 'ஜங்கிள் க்ரோஸ்' என்ற ரக்பி கிளப்பைத் தொடங்கினார். மைதானத்துப் பக்கம் திரியும் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து ஆடவைத்தார். பிறகு 'கேலோ ரக்பி' என்ற பெயரில் அது வங்காளத்தின் மற்ற ஊர்களுக்கும் போனது. போன இடங்களில் ஒன்று ஜல்பாய்குரி மாவட்டத்தின் சரஸ்வதிபூர். பைகுண்டபூர் காட்டை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டம்!

அங்கே கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் பந்தைப் பிடித்தார்கள். வெளியூர்ப் போட்டிக்குப் போனார்கள். சில வருடத்திலேயே அந்த ஒரு தோட்டத்திலிருந்து சந்தியா ராய் உட்படப் பல பெண்கள் இந்திய அணிக்குப் போனார்கள். கண்டியில் நூறு வருடத்தில் நடக்காதது, சரஸ்வதிபூரில் பத்து வருடத்துக்குள் நடந்தது. அங்கே இருந்தது ஒரு மைதானம், ஒரு பயிற்சியாளர், விடாமல் நடந்த ஆட்டங்கள். மற்றபடி கூலியும் லயமும் மலையேற்றமும் கண்டியைப் போலத்தான்.

ஒடிசாவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும், 'ஜங்கிள் க்ரை' என்று 2022-ல் படமாகவே வந்துவிட்டது. புவனேஸ்வரத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்காக 1993-ல் தொடங்கிய கலிங்கா சமூக அறிவியல் நிறுவனம் (சுருக்கமாக 'கிஸ்') என்ற உறைவிடப் பள்ளி. அங்கிருந்து 12 சிறுவர்கள் 2007-ல் லண்டன் போய், 14 வயதுக்குட்பட்டோருக்கான சர்வதேசப் பள்ளிப் போட்டியில் இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்க அணியைத் தோற்கடித்துக் கோப்பையோடு திரும்பினார்கள். அவர்கள் பந்தைத் தொட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பத்திரிகைகள் இதை 'உலகக்கோப்பை' என்று எழுதின. கறாராகச் சொன்னால் அது பல நாட்டு ஏழைப் பிள்ளைகளின் அணிகளை அழைத்து நடத்திய போட்டி, சர்வதேச ரக்பி அமைப்பின் உலகக்கோப்பை அல்ல. அப்படிச் சொல்வதால் பையன்களின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

படத்தில் வராத பாகம்தான் முக்கியமானது. அந்த வெற்றியோடு கதை முடிந்திருந்தால் அது ஒரு அதிசயம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பள்ளி ஆட்டத்தை நிறுத்தவில்லை. பெண்களையும் சேர்த்தார்கள். ஜாஜ்பூர் மாவட்டத்திலிருந்து வந்து அங்கே படித்த சுமித்ரா நாயக் 2019-ல் மணிலாவில் சிங்கப்பூருக்கு எதிரான ஆட்டத்தின் கடைசியில் உதைத்த பெனால்டியில் இந்தியா 21-19 என்று வென்றது. 15 பேர் ஆடும் ரக்பியில் இந்தியப் பெண்களின் முதல் சர்வதேச வெற்றி அது.

பீகாரில் இன்னொரு முறை. அங்கே ரக்பிப் பள்ளி என்று ஒன்றும் இல்லாத காலம். தடகள மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த ஸ்வீட்டி குமாரி என்ற பெண்ணை ரக்பிக்கு அழைத்தார்கள். அந்த வேகத்தைப் பார்த்து ஆசிய ரக்பி அமைப்பே அவரைக் கண்டத்தின் வேகமான வீராங்கனை என்று பாராட்டியது. கையில் இருக்கும் ஒரு திறமையை வேறு ஆட்டத்துக்கு மாற்றி வளர்ப்பது இப்போது உலகம் முழுக்க இருக்கும் முறைதான். பிறகு 2025-ல் 20 வயதுக்குட்பட்டோருக்கான ஆசிய செவன்ஸ் போட்டியே பீகாரின் ராஜ்கீரில் நடந்தது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றே ஒன்று. தென்னாப்பிரிக்காவில் 1964-லிருந்து 'கிரேவன் வாரம்' என்று பள்ளி மாணவர்களுக்கான போட்டி நடக்கிறது. மாகாண அணிகள் ஒரே ஊரில் கூடி ஒரு வாரம் ஆடும். தேசிய அணிக்குப் போனவர்களில் நிறையப் பேர் அந்த வழியாக வந்தவர்கள். ஆனால் 1980 வரை அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும். கதவு திறந்த பிறகும் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளில் மைதானம் இல்லை, பயிற்சியாளர் இல்லை. ஸ்வீடே என்ற ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த சியா கொலிசி 12 வயதில் ஒரு சிறுவர் போட்டியில் கண்ணில் பட்டு, பெரிய பள்ளி ஒன்றில் உதவித்தொகையோடு சேர்ந்தார். ஆரம்பத்தில் ஒரு தேர்வுக்கு அரைக்கால் சட்டை இல்லாமல் உள்ளாடையோடு ஆடியதை அவரே சொல்லியிருக்கிறார். 2018-ல் அந்த நாட்டு அணியின் முதல் கறுப்பினத் தலைவர். 2019, 2023 இரண்டு உலகக்கோப்பையும் அவர் தலைமையில். அந்தச் சிறுவர் போட்டிக்கு அன்று அவர் போகாமல் இருந்திருந்தால்? அவரைப் போல எத்தனை பேர் போகாமலே இருந்திருப்பார்கள்?

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். ஒரே நாளில் தேர்வு வைத்தால் யார் தேறுவார்கள்? அன்றைக்கு உயரமாகவும் கனமாகவும் இருப்பவர்கள். 13 வயதில் மீசை முளைத்தவனும் முளைக்காதவனும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். கனடாவில் ஐஸ் ஹாக்கி ஜூனியர் வீரர்களின் பிறந்த மாதங்களை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980-களில் ஆராய்ந்தார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். காரணம் சோதிடம் இல்லை. வயதுக் கணக்கு ஜனவரி 1-ல் தொடங்குகிறது, அதனால் அவர்கள் டிசம்பர் பிள்ளையைவிட கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவர்கள். (நம்ம ஊரில் முந்தின தலைமுறையில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்தில் போட்ட ஜூன் மாதப் பிறந்தநாள்தான். இங்கே அந்த ஆராய்ச்சியைச் செய்திருந்தால் பார்ன்ஸ்லி குழம்பிப் போயிருப்பார்!)

இதற்காகத்தான் நியூசிலாந்தில் சிறுவர் ரக்பியில் எடைப் பிரிவு வைத்து ஆடவிடும் வழக்கம் இருக்கிறது. இதைப் படித்ததும் கபடி ஆடியவர்களுக்குச் சிரிப்பு வரும். நம்முடைய கபடியில் இது புதிதா என்ன? சப்-ஜூனியர் பையன்களுக்கு ஒன்று, ஜூனியருக்கு ஒன்று என்று எடைக்கு உச்சவரம்பு உண்டு. எடை பார்க்கும் நாளில் சாப்பிடாமல் வந்து நிற்பவர்களைத் தேனி மாவட்டத்தில் எந்த ஊரிலும் பார்க்கலாம். இன்னும் சொன்னால், ரக்பியில் கற்றுக்கொடுக்கக் கஷ்டமான விஷயம் தாழ்ந்து போய்க் காலைப் பிடித்துச் சாய்ப்பது. கபடிக்காரனுக்கு அது கைவந்த கலை. கணுக்கால் பிடி, தொடைப் பிடி, சங்கிலிப் பிடி என்று பெயரே வைத்திருக்கிறோம். பந்தைக் கடத்தவும் பின்னால் நின்று ஓடவும் மட்டும் புதிதாகக் கற்கவேண்டும்.

பெற்றோர் பயப்படுவார்களே என்றால், நியாயமான பயம்தான். தலையில் அடிபட்டால் உடனே வெளியே எடு, அன்றைக்குத் திரும்ப ஆடவிடாதே என்பது சிறுவர் ரக்பியில் கண்டிப்பான விதி. அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்கு 'டேக்' ரக்பி: இடுப்பில் இரண்டு பக்கமும் ரிப்பன் தொங்கும், அதை உருவினால் பிடித்ததாகக் கணக்கு. யாரும் யாரையும் தள்ளவேண்டியதில்லை.

இனி தேனிக்கு வருவோம். 1996-ல் மதுரையிலிருந்து பிரிந்த மாவட்டம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், திராட்சை, வாழை, ஏலக்காய். விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கீழே அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். அந்த வகையில் கண்டி லயத்துப் பிள்ளையைவிட இவர்களுக்கு நிலைமை மேல். பள்ளிக்கூடம் இருக்கிறது, உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார், குறுவட்டம், மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று ஏணிப்படி மாதிரிப் போட்டிகள் இருக்கின்றன. பாரதியார் தின விளையாட்டு, குடியரசு தின விளையாட்டு என்று வருடா வருடம் தேதி வருகிறது. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வும் மாவட்டந்தோறும் நடக்கிறது. கண்டியில் 1891-ல் பிளேஸுக்கு இதில் எதுவும் இல்லை.

வெளியூர் விளையாட்டு ஒன்று இங்கே வேர் பிடிக்குமா என்று கேட்பவர்களுக்குப் பெரியகுளத்தைக் காட்டலாம். கூடைப்பந்து என்ன வராகநதிக் கரையிலா பிறந்தது? அமெரிக்காவிலிருந்து வந்த ஆட்டம். ஆனால் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் 60 வருடத்துக்கும் மேலாகக் கோடை விடுமுறையில் அகில இந்தியப் போட்டி நடத்துகிறது. இந்தியக் கடற்படை, இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். என்று அணிகள் வந்து ஆடும். வெயில் தாழ்ந்ததும் ஊரே கேலரியில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கேலரியில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பையனுக்கும், கண்டிக்கு பஸ் ஏறிய பையனுக்கும் என்ன வித்தியாசம்? அடுத்த மே மாதமும் ஆட்டம் உண்டு என்று இருவருக்கும் தெரியும்.

2025-ல் இந்தியாவில் ரக்பி பிரீமியர் லீக் தொடங்கியது. ஆறு அணிகளில் சென்னை புல்ஸ் முதல் கோப்பையை வென்றது. 'சென்னை' என்ற பெயர் கோப்பையில் ஏறிவிட்டது, நல்ல விஷயம். ஆனால் லீக் அணியை ஏலத்தில் எடுத்துவிடலாம். பதினாலு வயதுப் பையனை ஏலத்தில் எடுக்க முடியாது.

15 பேர் ஆட்டத்துக்குப் பெரிய மைதானமும் நிறைய ஆளும் வேண்டும். அதற்கும் ஒரு வழியை 1883-லேயே ஸ்காட்லாந்தில் மெல்ரோஸ் என்ற சிற்றூரில் நெட் ஹெய்க் என்ற கசாப்புக்காரர் கண்டுபிடித்துவிட்டார். கிளப்புக்குப் பணம் சேர்க்க ஒரே நாளில் போட்டி நடத்தவேண்டும், 15 பேரோடு முடியாது, சரி 7 பேரோடு ஆடுவோம் என்று தொடங்கியதுதான் 'செவன்ஸ்'. 2016 ரியோவிலிருந்து ஒலிம்பிக்கில் இருப்பதும் அதுதான். ஒரு பாதி 7 நிமிடம், நடுவில் 2 நிமிடம், மறு பாதி 7 நிமிடம். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று நாலு பள்ளிகள் ஒரு சனிக்கிழமை ஒரே மைதானத்தில் கூடினால், எல்லோரும் எல்லோரோடும் ஆட மொத்தம் 6 ஆட்டம். எல்லாம் சேர்ந்தே இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கோல் கம்பம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ட்ரை மட்டும் எண்ணிக்கொள்ளலாம். காலை 7 மணிக்கு ஆரம்பித்தால், வெயில் ஏறுவதற்குள் பிள்ளைகள் பஸ் பிடித்துவிடலாம்.